அச்சேறிய அருட்பா

தமிழ்த்துறையில் பணியாற்றுவோர் ஆண்டுதோறும் தவறாமல் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. முதலாண்டு மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி வருவார். நான்காக மடித்த தாளொன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டுவார். இக்கவிதையை எந்த இதழுக்கு அனுப்பினால் வெளியிடுவார்கள் என்று கேட்பார். முன்னாளில் அத்தாளோடு அஞ்சல்தலை ஒட்டிய உறையும் இருக்கும். இன்று அவ்வுறை இருந்த இடத்தில் செல்பேசி இருக்கிறது. கவலை மட்டும் அதே கவலைதான். வெளியிட இயலாமைக்கு வருந்துகிறோம் என்ற மறுமொழி வந்துவிட்டால், ஒரு வாரம் அம்மாணவரின் முகத்தில் தெளிவைக் காண இயலாது.

இவ்வாறு வருவோருள் இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் பலர். துறைமுகத்துச் சரக்குந்துகளுக்கு இடையே பேருந்தில் நெருக்குண்டு அவர்கள் வரும் அதே கடலோரப் பாதையில், ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் இளங்கவிஞர் நாள்தோறும் நடந்துசென்றார். பாடலை யார் அச்சிடுவார் என்று அவர் எவரையும் கேட்டதில்லை. மாறாக, அச்சிட இசைவு தாருங்கள் என்று அன்பர்கள்தாம் அவரை ஆண்டுக்கணக்கில் வேண்டிநின்றார்கள். அவர் இசையவில்லை, இசைந்தபின்னும் காலம் தாழ்த்தினார், நூல் வெளிவரும் தறுவாயில் தம் பெயரோடு சேர்த்த அடைமொழியை நீக்குமாறு கேட்டார். அவர்தாம் இராமலிங்க அடிகளார். அவருடைய வாழ்வைப் பலரும் பலவாறாக எழுதியுள்ளனர். அவர் பாடல்கள் அச்சேறிய வரலாற்றின் வழியே அவ்வாழ்வை ஈண்டு நோக்குவோம்.

அடிகளார் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது குழந்தையாகப் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். தாயார் பிள்ளைகளோடு பொன்னேரிப் பக்கத்திலிருந்த தம் பிறந்தகம் சென்று, பின்னர்ச் சென்னையில் குடியேறினார். ஏழுகிணறுப் பகுதியில் வீராசாமிப் பிள்ளைத் தெருவிலிருந்த சிறிய வீடே அக்குடும்பத்தின் இருப்பிடமாயிற்று. தமையனார் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து கிடைத்த வருவாயில் குடும்பத்தைக் காத்தார். தம்பியும் படித்துத் தமக்குத் துணையாவான் என்று எண்ணித் தம் ஆசிரியராகிய காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார். தம்பியோ பாடத்தில் நாட்டம் கொள்ளாது கந்தகோட்டத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தார். தமையனார் சினந்து வீட்டில் சோறிடலாகாது என்றாராம். அண்ணியார் பாப்பாத்தி அம்மாள் மறைவாக உணவிட்டுக் காத்தாராம். நூல் வெளியீட்டைப் பேசும் கட்டுரையில் இச்செய்தி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வம்மையார் இட்ட உணவே அருட்பாவுக்குக் கிடைத்த முதல் நன்கொடை என்பது நம் எண்ணம்.

ஏறத்தாழப் பன்னிரண்டாம் அகவையில், அதாவது 1835ஆம் ஆண்டளவில், அடிகளாரின் திருவொற்றியூர் வழிபாடு தொடங்கிற்று. 1858இல் சென்னையை விட்டு நீங்கும்வரை இருபத்துமூன்று ஆண்டுகள் அவ்வழிபாடு நீடித்தது. ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூர் ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவு. போகவர நான்கு மணி நேர நடை. அந்நாளில் இன்றுள்ள துறைமுகம் இல்லை, தொழிற்சாலைகள் இல்லை. மணல்வெளி, மீனவர் குப்பங்கள், ஒருபுறம் ஓயாத அலையோசை, இவையே வழித்துணை. அவர் சென்னையில் வாழ்ந்த கடைசி ஆண்டுகளில்தான் புதுமை ஒன்று வந்தது. 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரம் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி புறப்பட்டது. நம் கவிஞர் அப்போதும் நடந்தே சென்றார்.

அப்பாதையின் நடுவழியில் இராயபுரத்தில் மற்றொரு பெருங்கவிஞர் வாழ்ந்தார் என்பதை இம்மலரின் வாசகர்க்கு நாம் நினைவூட்ட வேண்டுவதில்லை. தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்து, சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயர் பூண்டு, துறவு நெறியில் நின்று, இறைக்காதலில் தம்மை மறந்தமையால் மஸ்தான் என அழைக்கப்பெற்ற குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களே அக்கவிஞர். இராயபுரத்தில் உறைந்த அவர் 1838இல் மறைந்தார். அப்பகுதியிலேயே அடக்கம் பெற்றுள்ளார். தொண்டியார் வாழ்ந்தமையால் தண்டையார்பேட்டை என்று பெயர் வந்தது என நம்மவர் பெருமையோடு கூறுவர். கூறுவோரின் அன்பு போற்றத்தக்கதே. ஆயினும் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1693இல் பெற்ற ஊர்களின் வரிசையிலேயே அப்பெயர் காணப்படுகிறது. மஸ்தான் சாகிபு பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முற்பட்ட செய்தி அது. பெருமைக்கு ஊர்ப்பெயர்ச் சான்று அவருக்குத் தேவையுமில்லை.

மஸ்தான் சாகிபுவும் தம் பாடல்களை அச்சிட முயன்றவர் அல்லர். அவர் பாடினார், அன்பர்கள் எழுதிவைத்தனர், அவற்றைத் திரட்டி அச்சில் கொணர்ந்தவர் சீயமங்கலம் அருணாசல முதலியார். சைவப் புலவராகிய திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். ஒரு முஸ்லிம் ஞானியின் பாடலை ஓர் இந்துப் பெருமகனார் அச்சேற்றினார் என்பதை இந்நாளில் வியப்போடு கூறுகிறோம். அந்நாள் இராயபுரத்தார் அதனை வியப்பாகக் கருதியிருக்க மாட்டார்கள். 1835 முதல் 1838 வரையிலான மூன்றாண்டுகள் இராயபுரத்தில் ஞானி பாடிக்கொண்டிருந்தார். அவ்வழியே திருவொற்றியூருக்குச் சிறுவர் ஒருவர் நடந்துகொண்டிருந்தார். இருவரும் சந்தித்தனர் என்று கதை புனைய நமக்கு விருப்பமில்லை. காலமும் பாதையும் ஒன்றாக இருந்தன என்பதே போதிய செய்தி.

திருவொற்றியூரில் அடிகளார் பாடியவை மிகப் பல. வடிவுடை மாணிக்க மாலை, இங்கித மாலை, எழுத்தறியும் பெருமான் மாலை ஆகியவை அவ்வூர்க்கு உரியவை. இவற்றுள் இறுதியாகக் குறித்த நூற்பெயர் நம் பொருளுக்கு நெருங்கியது. அரசன் ஒருவன் ஊர்களுக்கெல்லாம் இறை விதித்து ஓலை எழுதுவித்தானாம். எழுதிய வரிகளுக்கு இடையே ஒற்றியூர் மட்டும் நீங்கலாக என்னும் பொருளில் எவரும் எழுதாத எழுத்து ஒன்று தோன்றியிருந்ததாம். இறைவனே எழுதினான் என்று தெளிந்து அவ்வூர்ப் பெருமானுக்கு எழுத்தறியும் பெருமான் என்று பெயரிட்டனர் என்பது தலவரலாறு. மூலத்தில் இல்லாத வரி இடையில் புகுவது பதிப்பாசிரியர்க்குக் கவலை தருவது. ஒற்றியூர்க்கோ அதுவே வரிவிலக்கு ஆயிற்று.

பாடல்களை அச்சிட விரும்பாதவர் என்றால் அடிகளாருக்கு அச்சுத்தொழில் பற்றி ஏதும் தெரியாது என்று கருதிவிடலாகாது. உண்மை இதற்கு முற்றிலும் மாறானது. அக்காலம் தமிழ் அச்சுக்கு விடிவுக்காலம். 1835ஆம் ஆண்டுச் சட்டம் அச்சகங்களுக்கு இருந்த தளைகளை நீக்கிற்று. அதன்பின் தமிழர் தாமே அச்சுக்கூடங்களை நடத்தத் தொடங்கினர். ஏடுகளில் உறங்கிய நூல்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைப் புலவர் நாயகம் என்று போற்றப்பெறும் சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் 1842இல் அச்சேற்றியதும் இக்காலத்தேதான். அவ்வலையில் அடிகளாரும் இருந்தார். 1851இல் ஒழிவிலொடுக்கத்தைத் திருப்போரூர்ச் சிதம்பர சுவாமிகளின் உரையோடு பதிப்பித்தார். 1854இல் தாமே இயற்றிய மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூல் வெளிவந்தது. 1855இல் தொண்டமண்டல சதகமும் 1857இல் சின்மய தீபிகையும் அவருடைய பதிப்புகளாக வந்தன.

தொண்டமண்டல சதகத்தைப் பற்றி ஒரு சொல். அதனைப் பாடிய படிக்காசுப் புலவர், கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் கொடையைப் பாடிப் புகழ்பெற்றவர். அந்நூலைப் பதிப்பித்த அடிகளார், நூற்பெயர் தொண்டமண்டலமா, தொண்டைமண்டலமா என்னும் ஐயத்தை எழுப்பிக்கொண்டு விரிவான விளக்கம் வரைந்தார். ஓர் ஐகாரத்திற்காகப் பல பக்கம் எழுதியவர் அவர். பிழை திருத்துதல், பாடம் தெரிதல், முகப்பு வரைதல் ஆகிய யாவும் கைவரப் பெற்ற ஒருவர், பிறர் நூலையெல்லாம் அச்சில் கொணர்ந்துவிட்டுத் தம் பாட்டை மட்டும் பூட்டிவைத்தார். அறியாமையால் அன்று, அறிந்தே அவ்வாறு செய்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இதற்கிடையில் 1850இல் தமக்கையின் மகளை அவருக்கு மணம் செய்துவைத்தனர். மணநாள் இரவில் திருவாசகம் ஓதிக்கொண்டிருந்தார் என்பர். இல்லறம் பெயரளவில் நின்றது. 1849இல் வந்துசேர்ந்த தொழுவூர் வேலாயுத முதலியார் தலைமாணாக்கரானார். பிற்காலத்தில் இவர் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக விளங்கியவர். 1858இல் அடிகளார் சென்னையை நீங்கிச் சிதம்பரம் நோக்கிச் சென்று, வடலூரை அடுத்த கருங்குழியில் ஒரு ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். ஒற்றியூர் நடை நின்றது. பாடல்களும் அவற்றின் படிகளும் பல கைகளில் சிதறிக் கிடந்தன.

இங்குதான் இறுக்கம் இரத்தின முதலியார் வருகிறார். சென்னையில் வாழ்ந்த அவ்வன்பர், அடிகளாரின் பாடல்களைத் திரட்டி அச்சிட வேண்டும் என்னும் ஒரே எண்ணத்தோடு கருங்குழிக்கு மடல்மேல் மடல் விடுத்தார். 1854ஆம் ஆண்டின் அஞ்சல் சீர்திருத்தத்தால் தொலைவு எதுவாயினும் எடைக்கேற்ற ஒரே கட்டணம் என்றாகி, அரையணாத் தலையொட்டிக் கடிதம் அனுப்பும் வாய்ப்பு எளியோர்க்கும் கிடைத்திருந்தது. அவ்வரையணா இல்லையேல் அருட்பா நூலாகியிருக்குமோ என்பது ஐயமே. அடிகளார் மறுமொழி எழுதினார், நலம் உசாவினார், குடும்பச் செய்திகள் கேட்டார். பாடல்களை மட்டும் அனுப்பவில்லை.

வேண்டுதல் பயன் தராமற்போகவே, இரத்தின முதலியார் நோன்பு ஒன்று மேற்கொண்டார். பாடல்கள் தம் கைக்கு வந்து சேரும்வரை நாளொன்றுக்கு ஒரு வேளை மட்டுமே உண்பது என்று உறுதிபூண்டார். பிற்காலத்தில் பசி தீர்ப்பதையே அறத்தின் தலையாகக் கூறப்போகும் ஒருவரிடம், தம் பசியையே விண்ணப்பமாக வைத்தார். வேறெந்தப் பதிப்பாளரும் ஒரு கவிஞரை இவ்வாறு வென்றதில்லை. செய்தி அறிந்து அடிகளார் கலங்கினார். 1860ஆம் ஆண்டின் இறுதியில் அவர் வரைந்த மடலில் அக்கலக்கம் வெளிப்படுகிறது. இச்செயலை விட்டுவிடுமாறு வேண்டுகிறார். இரண்டு திங்களுக்குள் பாடல்கள் வந்துசேரும் என்று உறுதியளிக்கிறார். தம் பாட்டுக்காக ஒருவர் பட்டினி கிடப்பதை அவரால் பொறுக்க இயலவில்லை. பாட்டின் பெருமை அவரை அசைக்கவில்லை. நண்பரின் வயிறு அசைத்தது.

இரண்டு திங்கள் என்று குறித்த தவணை ஆறாண்டுகளாக நீண்டது என்பது வேறு செய்தி. இவ்விடத்தில் அடிகளாரைக் குறைகூறுவதா, இரத்தின முதலியாரின் பொறுமையை வியப்பதா என்பது நமக்கே விளங்கவில்லை. அவ்வாண்டுகளில் புதுவை வேலு முதலியார், சிவானந்தபுரம் செல்வராய முதலியார் ஆகியோரும் இம்முயற்சியில் இணைந்தனர். மயிலை சிக்கிட்டி சோமசுந்தரம் செட்டியார் பொருளுதவ முன்வந்தார். தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களை ஆறு திருமுறைகளாக வகுத்தார். தொகுப்புக்குத் திருவருட்பா என்று பெயரிட்டார். நூல் தோன்றிய வரலாற்றைத் தாமே செய்யுளில் இயற்றிச் சேர்த்தார்.

அச்சுக்கு இசைந்த பின்னரும் அடிகளாருக்கு ஓர் உறுத்தல் இருந்தது. தம்மை இராமலிங்கசாமி என்று வழங்குவது தமக்கு உடன்பாடன்று என்று இரத்தின முதலியாருக்கு எழுதினார். அப்பெயர் ஆரவாரத்தின்பாற்பட்டதாகத் தோன்றுகிறது என்பது அவர் கூறிய காரணம். அவர் தம்மைச் சிதம்பரம் இராமலிங்கம் என்றே எழுதிவந்தவர். சாமி நீங்கியது, ஆயினும் வேலாயுத முதலியார் விட்டுவிடவில்லை. திருவருட்பிரகாச வள்ளலார் என்று முகப்பில் பொறித்தார். அடிகளார் அதனைக் கண்டு வருந்தி வினவினாராம். மாணாக்கர் சற்றும் அஞ்சாது, அச்சொல்லைத் திருவருட்பிரகாச வள்ளல் யார் என்று பிரித்துப் பொருள் கொள்ளலாமே என்று விடைபகர்ந்தாராம். செவிவழிச் செய்திதான், எனினும் தமிழ்ப் பண்டிதர் ஒருவர் குருவிடமிருந்து தப்பிக்கப் புணரிலக்கணத்தைத் துணைக்கழைத்த நேர்த்தி நம் துறையினர்க்கு மகிழ்ச்சியூட்டுவது. ஆரவாரம் என்று அஞ்சிய பெயரின் இடத்தில் அதனினும் பெரிய பெயர் வந்தமர்ந்தது. வள்ளலார் என்றே இன்று உலகம் அவரை அழைக்கிறது.

1867ஆம் ஆண்டு முதல் நான்கு திருமுறைகள் ஒரு நூலாக வெளிவந்தன. ஒற்றியூர் மணலில் பிறந்த பாடல்கள் பல அதில் இடம்பெற்றன. அதே ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையின் அடுப்பு மூட்டப்பெற்றது. அவ்வூரார் எண்பது காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். சாதி, சமயம், ஊர் எதுவும் கேளாது பசித்து வந்தோர்க்கெல்லாம் சோறு. அன்று மூட்டிய நெருப்பு இன்றளவும் அணையவில்லை. நூலும் அடுப்பும் ஒரே ஆண்டில் பிறந்தமை தற்செயலே. ஆயினும் இவ்விரண்டில் அடிகளார் தாமே முன்னின்று ஆர்வத்தோடு தொடங்கியது எது என்று கேட்டால், விடை ஐயமின்றி அடுப்பே ஆகும்.

அவர் அச்சையே வெறுத்தாரல்லர் என்பதற்கு மற்றுமொரு சான்று காட்டலாம். சன்மார்க்க விவேக விருத்தி என்னும் பெயரில் பத்திரிகை ஒன்று நடத்த அவர் வடலூர்க் காலத்தில் திட்டமிட்டார். பொருளுதவ இசைந்தோர் கையொப்பமிட்டனர். தம் பாடலை வெளியிடத் தயங்கியவர், பலர் அறிவு பெறுதற்குரிய பத்திரிகையை வெளியிடத் தாமே முற்பட்டார். அது திட்டமாகவே நின்றுவிட்டது நமக்குப் பேரிழப்பு. வந்திருந்தால் பாட்டோடு வருவோரை அவ்விதழாசிரியர் எவ்வாறு நடத்தியிருப்பார் என்று எண்ணிப்பார்க்கத் தோன்றுகிறது.

அச்சேறிய நூலுக்குப் போற்றுதலோடு தூற்றுதலும் வந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கடுமையாக எதிர்த்தார். இவ்விடத்தில் நாவலரைச் சிறுமைப்படுத்திப் பேசுவது சிலர்க்கு வழக்கமாகிவிட்டது, அது முறையன்று. வண்ணார்பண்ணையிலும் சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் அச்சுக்கூடம் நிறுவி, பிழையற்ற பதிப்பு எவ்வாறு இருக்கவேண்டும் என்று தமிழர்க்குக் கற்பித்தவர் அவர். அவருடைய எதிர்ப்பும் ஒரு பதிப்பாசிரியரின் எதிர்ப்பாகவே தொடங்கிற்று எனலாம். தேவார திருவாசகங்களுக்கே உரிய அருட்பா, திருமுறை என்னும் பெயர்களை வாழும் ஒருவர் பாடலுக்குச் சூட்டலாமா, கோயில்களில் தேவாரத்தின் இடத்தில் இவற்றைப் பாடலாமா என்பதே அவர் வினா. அப்பெயர்களைச் சூட்டியவர் அடிகளார் அல்லர், மாணாக்கரே என்பதை நாம் முன்னரே கண்டோம். முகப்பில் வைத்த பெயருக்காகப் பாடியவர் வசை ஏற்றார். 1869இல் பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. அவ்வழக்கைப் பற்றி இரு திறத்தாரும் வளர்த்த கதைகள் ஏராளம். அவற்றுள் நாம் புகவில்லை. அச்சிட்டதனால் நேரும் ஆரவாரத்திற்கு அவர் அஞ்சியது வீண் அச்சமன்று என்பது மட்டும் தெளிவாயிற்று.

1872 ஜனவரி 25ஆம் நாள் வடலூரில் சத்திய ஞானசபை திறக்கப்பெற்றது. 1874 ஜனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். அதன்பின் அவரை எவரும் கண்டிலர். அவருக்கு அப்போது அகவை ஐம்பது.

பாடல்களின் பயணம் அத்தோடு முடியவில்லை. ஐந்தாம் திருமுறை 1880இல் வெளிவந்தது. இளமையில் தணிகை முருகனைப் பாடிய பதிகங்கள் அதில் உள்ளன. முதலிற் பாடியவை பின்னர் அச்சேறின. சாதி, சமய, சாத்திர வேறுபாடுகளையெல்லாம் கடந்து நின்று பாடிய ஆறாம் திருமுறை அவர் வாழ்நாளில் அச்சேறவே இல்லை. 1885இல்தான் அன்பர்கள் அதனை வெளிக்கொணர்ந்தனர். அவர் பெயரை இன்று உலகறியச் செய்திருப்பது அந்த ஆறாவது பகுதியே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருட்பாப் பூசல் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளை ஒருபுறம், மறைமலையடிகள் மறுபுறம். அருட்பாவின் பக்கம் எழுந்து வாதிட்டவருள் தலையாயவர் ஒருவர் நம்மவர். நாகர்கோயிலை அடுத்த கோட்டாறு இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலரே அவர். அடிகளார் அறைக்குள் புகுந்த அதே ஆண்டில் இவர் பிறந்தார். பாவலர் சென்னைக்கு வந்தது சொற்போருக்காக அன்று. சீறாப்புராணத்தை அச்சிடும் பணியில் பிழை திருத்துவதற்காக. யதார்த்தவாதி, இஸ்லாமிய மித்திரன் ஆகிய இதழ்களை நடத்தி ஆசிரியர் நாற்காலியிலும் அமர்ந்தவர். 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார். சைவநூல் கடலை நன்கு கற்ற அப்புலவர், இராமலிங்கர் பாடியது அருட்பாவே என்று மேடைதோறும் நிறுவினார். காஞ்சிபுரத்தார் அவரை யானைமீது அமர்த்தி ஊர்வலம் விட்டனர் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். இராயபுரத்து மஸ்தான் சாகிபுவின் பாடலை அருணாசல முதலியார் அச்சேற்றினார். ஒற்றியூர்க் கவிஞரின் பாடலுக்குச் செய்குத்தம்பிப் பாவலர் அரணாக நின்றார். கணக்கு நேராயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இரு சாராரும் கணக்குப் பார்த்துச் செய்தவர்கள் அல்லர்.

பின்னாளில் ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை உழைத்துத் திருவருட்பாவைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பதிப்பித்தார். அடிகளாரின் கையெழுத்துப் படிகளைத் தேடி ஒப்புநோக்கிய பதிப்பு அது. 1972இல் ஊரன் அடிகள் பாடல்களைக் காலமுறைப்படி வகுத்து வெளியிட்டார். பாலகிருஷ்ண பிள்ளையின் பதிப்பில் திருமுகப் பகுதி என்று ஒன்று உண்டு. அடிகளார் கருங்குழியிலிருந்து அரையணாத் தலையொட்டி அனுப்பிய கடிதங்களும் அதில் அச்சாகிவிட்டன. சாமி என்று போடவேண்டா என்று எழுதிய கடிதமும், ஒருவேளை உணவை நிறுத்திவிட்டு வழக்கம்போல உண்ணுமாறு நண்பரைக் கெஞ்சிய கடிதமும் அவற்றுள் அடங்கும். இரத்தின முதலியார் அக்கடிதங்களைக் கிழித்தெறியாமல் வைத்திருந்தார்.